வீடெங்கும் தொங்கிய ஸ்பானியச் சொற்கள்

நான் ஆறாவது வரை படித்தவன். எங்கள் தீவின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில், கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு லாங் மவுண்டனில், மலையடிவாரத்தில். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். அப்படிப்பட்ட நான் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் எங்கள் கோயிலில் இன்றைக்கும் சிரிப்பார்கள். முழு மொழியும் இல்லை, ஓர் அறுபது சொல் இருக்கும். ஆனால் அந்த அறுபதையும் ஒன்றோடொன்று குழப்பாமல் சொல்லுவேன். முருகன் கொடுத்த தைரியத்தில் அந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று பஸ்ஸில் ஆட்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. புயலில் அடிபட்டு இயந்திரம் உடைந்த ஒரு சரக்குக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்து நின்றது. மாலுமிகள் எல்லோரும் ஸ்பானியர்கள். உடைந்த பாகம் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வந்த வாரமே கப்பல் தச்சர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். கட்டுக் காலோடு கப்பலில் ஏறி இறங்க முடியாது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உன் வீட்டுல பின்னால ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு? அந்தச் சின்னப் புஸ்தகமும் உன்கிட்டதான் இருக்கு."

அந்தப் புத்தகம் எந்தக் கப்பல்காரரோ விட்டுப்போனது. இங்கிலீஷ் சொல்லுக்கு நேரே ஸ்பானியச் சொல் போட்டிருக்கும். பாதிப் பக்கங்களைக் கரப்பான் தின்றிருந்தது. ஸ்டோர் மேசை இழுப்பறையில் கிடந்ததை நான்தான் தூசி தட்டி வைத்திருந்தேன். என் ஸ்பானியப் படிப்பு அவ்வளவுதான்.

வீட்டில் நானும் என் மனைவியும் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவுப் பேச்சு. கோயிலில் கற்ற தமிழில் அதை இங்கே எழுதுகிறேன். அவள் பேச்சின் காரம் இதில் பாதிதான் வரும்.

"காலொடிஞ்ச வெள்ளைக்காரனை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? அவன் என்ன தின்பான்?"

"நாம திங்கிறதைத்தான்."

"இவ்வளவு மிளகாயோடயா?"

"கேட்டுச் சொல்றேன்."

"எந்த பாஷையில கேப்பீங்க?"

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். தச்சர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். காதில் எப்போதும் ஒரு தட்டைப் பென்சில். மிளகாயைக் கண்ணீர் விட்டுக்கொண்டே தின்றார், போதும் என்று சொல்லவே இல்லை. என் மனைவிக்கு அதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது.

முதல் குழப்பம் சாப்பாட்டு மேசையிலேயே வந்தது. வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். புத்தகத்தில் 'ஆஸ்க்' என்பதற்கு நேரே 'ப்ரெகுந்தார்', 'பெதிர்' என்று இரண்டு சொல் இருந்தது. எதற்கு எது என்று போடவில்லை. முதலில் இருந்ததைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். யோசித்தார். பிறகு என் மனைவியைக் காட்டி ஏதோ கேட்டார். கூரையைக் காட்டி ஒன்று கேட்டார். சாமி படத்தைக் காட்டி ஒன்று கேட்டார்.

"என்னங்க இவன், போலீஸா?" என்றாள் என் மனைவி.

மறுநாள் அவரே அதைத் தீர்த்துவைத்தார். கட்டுக் காலை இழுத்துக்கொண்டு சாமி அலமாரி முன்னால் போய்க் கை நீட்டி, "பெதிர்" என்றார். பிறகு வாசலுக்கு நொண்டிப் போய்க் கதவைத் தட்டி, யார் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "ப்ரெகுந்தார்" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒன்று வேண்டிக் கேட்பது, மற்றது விசாரித்துக் கேட்பது.

ஸ்டோரில் பெட்டிகளுக்குக் கட்டுகிற அட்டைச் சீட்டுகள் நூலோடு இருக்கும். கிழிந்தவற்றை நான் எடுத்துவந்து, ஒவ்வொரு சொல்லையும் ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சொல் வசிக்கிற இடத்தில் தொங்கவிட ஆரம்பித்தேன். 'பெதிர்' சாமி அலமாரியில். 'ப்ரெகுந்தார்' வாசற்கதவில். மீனுக்கும் இரண்டு சொல். உயிரோடு நீந்தினால் 'பெஸ்', பிடித்துச் சமைக்க வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. முதல் சீட்டு தண்ணீர்த் தொட்டியருகே தொங்கியது, இரண்டாவது அடுப்படியில். ஒரு மாதத்தில் எங்கள் வீடு ஏலத்துக்கு வந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. 'கார்னர்' என்ற சொல்லுக்குப் புத்தகத்தில் 'ரிங்கோன்', 'எஸ்கினா' என்று இருந்தது. இங்கிலீஷிலும் ஒரே சொல், எங்கள் கிரியோலிலும் ஒரே சொல். தச்சர் அறைக்குள் சுவரும் சுவரும் சேரும் இடத்தைத் தடியால் தொட்டு 'ரிங்கோன்' என்றார். ஜன்னல் வழியாகச் சீனர் கடை இருக்கும் தெருத் திருப்பத்தைக் காட்டி 'எஸ்கினா' என்றார். இதைத் தமிழில் எங்கேயோ படித்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. உள்ளே இருப்பது மூலை, தெருவில் இருப்பது முனை! கோயில் வகுப்பில் படித்த தமிழ். சாமி கும்பிடத் தவிர எதற்கும் எடுத்ததில்லை. அது இப்படி வந்து கைகொடுத்தது. மூலைச் சீட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் மாட்டினேன். முனைச் சீட்டைச் சீனரிடம் சொல்லி அவர் கடைத் தூணில் கட்டினேன். "இது என்ன, புது சோப்பா?" என்று வருகிறவர்கள் எல்லாம் அவரைக் கேட்டார்களாம்.

'நோ', அதாவது தெரியும் என்பதும் அப்படித்தான். ஒரு விஷயம் தெரிந்தால் ஒரு சொல், ஒரு மனிதர் பழக்கமானால் வேறு சொல். "எனக்கு அவரோடு பழக்கம்" என்று தமிழில் சொல்கிறோமே, அதுதான். 'இஸ்' என்பதற்கும் இரண்டு. ஆளின் குணத்தைச் சொல்ல ஒன்று, அந்த நேரத்து நிலையைச் சொல்ல ஒன்று. ஒருநாள் சமையற்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுத் தச்சர் என்னிடம் மெதுவாக ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னைப் பத்தி என்ன சொல்றான்?"

"நீ கோபமா இருக்கேன்னு."

"கோபமா இருக்கேன்னா, கோபக்காரின்னா?"

"கோபமா இருக்கேன்னுதான். அதுக்கு வேற சொல்லு."

"அப்ப சரி. இன்னைக்கு ஒருநாளைக்குன்னா ஒத்துக்கிறேன்."

'சாரி' என்பதற்கும் இரண்டு உண்டு. என் மனைவி எண்ணெயில் கையைச் சுட்டுக்கொண்டபோது அவர் "லோ சியெந்தோ" என்றார்; உன் வலி எனக்கும் வலிக்கிறது என்ற அர்த்தம். அவருடைய தடி பட்டு முற்றத்தில் காய்ந்த மிளகாய்த் தட்டு கவிழ்ந்தபோது "பெர்தோன், பெர்தோன்" என்று பதறினார். அது தப்புச் செய்தவன் சொல்வது. அந்த இரண்டு சீட்டையும் எழுதினேனே தவிர, அவற்றுக்கு வீட்டில் ஓர் இடம் கிடைக்கவில்லை. சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

இப்படி இருக்கையில் தைப்பூசம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் கண்டு, டாக்டரே கையை விரித்துவிட்டார். அவள் பிழைத்தால் மூன்று வருடம் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அது மூன்றாவது வருடம், வேண்டுதல் முடிகிற வருடம். கோயிலில் கொடியேறினால் பத்து நாள் விரதம். வீட்டில் மீன், மாமிசம், முட்டை எதுவும் கிடையாது. பாத்திரமெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்தாகிவிடும். ஸ்டோரில்கூட அந்தப் பத்து நாள் மாமிசப் பெட்டியை நான் தொடமாட்டேன், கூட வேலை செய்கிறவர் பார்த்துக்கொள்வார்.

தச்சருக்குச் சீனர் கடையிலிருந்து வேறு சாப்பாடு சொல்லலாம் என்று பார்த்தோம். அவர் மறுத்துவிட்டார். அடுப்படியில் தொங்கிய 'பெஸ்காதோ' சீட்டை அவரே கழற்றிக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியருகே மற்றதோடு சேர்த்து மாட்டினார். "சரிதான், பத்து நாளைக்கு எல்லா மீனும் தண்ணியிலயே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

என் காவடிச் சட்டம் ஆணி ஆணியாக அடித்துக் கோணிப்போன ஒன்று. கொடியேறுவதற்கு முன்பே அதைப் பார்த்துத் தச்சர் உச்சுக்கொட்டினார். அப்போது மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. தடி ஊன்றி நடந்தார். தானே புதிதாகச் செய்து தருகிறேன் என்று சைகை காட்டினார். என் மனைவி யோசித்தாள்.

"குளிச்சிட்டுத்தான் கட்டையைத் தொடணும். சுருட்டுக் கூடாது. நம்மளோட சேர்ந்து விரதம் இருக்கணும். சொல்லுங்க அவன்கிட்ட."

சொன்னேன். தலையாட்டினார். தினமும் காலையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உளியை எடுத்தார். ஓர் ஆணி இல்லாமல், மரத்துக்குள் மரம் புகுந்து நிற்கிற மாதிரி வளைவு எழும்பியது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆறாம் நாள் மாலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, காவடிச் சட்டம் வெளியே மாமரத்தடியில் சாய்ந்து கிடந்தது. என் மனைவி வாசலில் நின்றாள்.

"கட்டிலுக்கு அடியில சர்டின் டின்னு! திறந்த டின்னு! நான் கூட்டப் போனப்ப பார்த்தேன். என் உயிருக்காக எடுக்கிற காவடி, அதைத் தொட்ட கையால மீன் தின்னிருக்கான்!"

"அவர் என்ன சொன்னார்?"

"என்னமோ சொன்னான். யாருக்குப் புரியுது? குச்சியால தள்ளி வேலி ஓரம் எறிஞ்சேன். வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன்."

பின்னறையில் தச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் பேசினால் போதும், அவர் பதில் சொல்லியிருப்பார். கேட்பதற்கு இரண்டு சொல்லைப் பிரித்துக் கற்றுக்கொண்டு சீட்டெழுதி மாட்டியவன் நான். அந்த நேரத்தில் இரண்டில் ஒன்றைக்கூட வாயில் எடுக்கவில்லை. அவர் தின்றிருப்பார் என்றே நினைத்துவிட்டேன். பேசாமல் திரும்பி வந்தேன். விடிந்தபோது அறை காலி. முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

அன்று மாலை வேலி ஓரத்தில் அந்த டின்னைப் புதைத்துவிடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். டின் துருப்பிடித்திருந்தது. புல்லெங்கும் சின்னச் சின்ன மரமுளைகள் சிதறிக் கிடந்தன. சட்டத்தின் பொருத்துகளில் அடிப்பதற்காக விரல் நகம் அளவுக்குச் செதுக்கி வழவழப்பாக்கிய முளைகள். டின் முழுக்க அதைத்தான் வைத்திருந்திருக்கிறார்.

சீனர் கடைக்கு ஓடினேன். "உங்ககிட்ட அவர் சர்டின் வாங்கினாரா?"

"சர்டினா? இல்லை. குப்பையில கிடந்த காலி டின்னு ஒண்ணு கேட்டாரு. கொடி ஏறுறதுக்கு முந்தி. ஏன், திருப்பிக் கொடுக்கப்போறியா?"

வந்து மனைவியிடம் முளைகளைக் காட்டினேன். அவள் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இருந்தாலும் மீன் டின்னுதானே..." என்றாள்.

"மீன் டின்னுதான். ஆனா அவர் தின்னலை."

"நான் திட்டினதுல அவனுக்கு எவ்வளவு புரிஞ்சிருக்கும்?"

"எல்லாம் புரிஞ்சிருக்கும்."

கோயில் பூசாரியிடம் போய் நடந்ததைச் சொன்னோம். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினால் சட்டம் சுத்தமாகிவிடும் என்றார். பிறகு, "மரத்தைக் கழுவிடலாம்மா. அந்த மனுசன் மனசை யாரு கழுவுறது?" என்றார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, ஒரு தடவை போதும் என்றதை மூன்று தடவை கழுவினாள். மீதி முளைகளையும் கழுவி, நானே தட்டிப் பொருத்தினேன்.

என் வீட்டில் விரதம் இருந்து, என் காவடியைச் செய்தவர், நொந்துபோய் வெளியேறியிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்காமல் அதே காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு முருகன் முன்னால் நிற்பது? மூன்று வருட வேண்டுதலும் வீணாகிவிடும் என்று பயந்தேன்.

மறுநாள் துறைமுகத்துக்குப் போனால், இயந்திரம் சரியாகிக் கப்பலைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பூசத்தன்று சாயங்காலம் புறப்படுகிறது என்றார் முதலாளி. எங்கள் சாமான் படகு கப்பலுக்குப் போக நின்றது. ஏறலாம் என்று காலெடுத்தேன். படகு நிறைய மாட்டு மாமிசம். விரதத்தில் இருக்கிறவன் அதில் எப்படி உட்காருவேன்? வேறு படகும் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன். பின்புறத்தில் "தச்சருக்கு" என்று எழுதி, முன்புறத்தில் 'பெர்தோன்' என்று ஏற்கெனவே இருந்ததற்குக் கீழே 'லோ சியெந்தோ'வையும் சேர்த்தேன். எது சரி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டும் எனக்கு இருந்தது. முட்டைக்கோசுப் பெட்டியில் அதைக் கட்டிப் படகுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அன்றும் பதில் இல்லை, அடுத்த நாளும் இல்லை.

பூசத்தன்று காலை ஆற்றில் குளித்து, செம்புகளில் பால் நிறைத்துக் கட்டி, காவடிக்குப் பூவும் தென்னங்குருத்தும் சுற்றினோம். பூசாரி என் நாக்கில் வேல் குத்தினார். அதோடு பேச்சு அடங்கிவிடும். கோயிலில் பால் ஊற்றி வேலை எடுக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, திறக்கவும் முடியாது. காவடியைத் தோளில் ஏற்றினார்கள். பழைய காவடி ஒரு பக்கமாக இழுக்கும். இது தோளில் கைபோட்ட மாதிரி உட்கார்ந்தது. அந்தச் சுகமே எனக்கு வேதனையாக இருந்தது.

தை மாத வெயில்; எங்கள் தீவில் அதுதான் கோடை. தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. என் மனைவி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் வந்தாள். எங்கள் ஊரில் காவடி எடுத்து வருகிறவர் காலில் பெண்கள் வழியெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கால் குளிரும், அது ஒரு மரியாதையும்கூட. காவடி எடுக்காதவர் காலில் ஊற்றுகிற வழக்கம் இல்லை.

சீனர் கடை முனை வந்தது. என் சீட்டு தொங்கிய தூணருகே தச்சர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. எல்லோரும் வெறுங்காலோடு வருவதைப் பார்த்துத் தானும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். காவடியை மேலும் கீழும் பார்த்தார். ஒவ்வொரு பொருத்தையும் பார்த்தார். பிறகு கூட்டத்தின் ஓரமாகத் தடியை ஊன்றி எங்களோடு நடக்க ஆரம்பித்தார். சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

எனக்குச் சொல்லவேண்டிய சொல் தெரியும். அதன் உச்சரிப்பும் தெரியும். நாக்கில் வேல் இருந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அது பக்தி என்று நினைத்து அரோகரா போட்டார்கள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கிக் குறுக்கே போனாள். அவர் அவளைக் கண்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவள் குனிந்து, அவருடைய இரண்டு கால்களிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். உடைந்த காலில் கொஞ்சம் கூடுதலாக.

"ரோடு சுடுது, மிஸ்யே," என்றாள். கிரியோலில்தான் சொன்னாள்; 'மிஸ்யே' என்றால் ஐயா. வேறு எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கோயில் வரைக்கும் அவள் என் காலில் ஒரு தடவை, அவர் காலில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே வந்தாள். யாரோ ஒரு கிழவி, "அவன் எங்கடி காவடி எடுத்தான்?" என்று கேட்டாள். "செஞ்சவன் அவன்தான்" என்று என் மனைவி திருப்பிக் கொடுத்தாள்.

சந்நிதியில் செம்பைப் பிரித்தபோது பால் திரியவில்லை. அவ்வளவு வெயிலிலும் திரியவில்லை; காவடியை முருகன் ஏற்றுக்கொண்டான் என்று அதற்கு அர்த்தம். முருகா என்று வாய்விட்டுச் சொல்லமுடியாமல் உள்ளுக்குள் சொன்னேன். வேலை எடுத்து நாக்கில் திருநீறு வைத்தார்கள்.

வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு போட்டார்கள். தச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பெ..." என்று ஆரம்பித்தேன். நாக்கு மரத்துப்போய்க் கட்டையாகக் கிடந்தது, சொல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து என் சீட்டை எடுத்தார். முட்டைக்கோசின் ஈரம் பட்டு எழுத்து கலைந்திருந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்து 'பெர்தோன்' மேல் ஒரு கோடு போட்டார். 'லோ சியெந்தோ' மேலும் ஒரு கோடு போட்டார். சீட்டை என் இலையோரம் வைத்துவிட்டு, பலாக்காய்க் கறியைக் காட்டி இன்னும் வேண்டும் என்றார். வேண்டிக் கேட்கிற சொல்லைத்தான் போட்டார். எனக்கு உடனே புரிந்தது.

இரண்டு மணி பஸ்ஸுக்கு அவரை அனுப்பிவைத்தோம். என் மனைவி ஓர் ஊறுகாய்ப் பாட்டிலும் துணியில் கட்டிய வடையும் கொடுத்தாள். அவர் பஸ் ஏறும்போது அவள் என்னை இடித்து, "விரதம் முடிஞ்சிருச்சு, இனிமே கப்பல்ல போய் எவ்வளவு வேணாலும் சர்டின் திங்கலாம்னு சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு சொல் அவருக்கு விளங்கிவிட்டது. படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். கண்டக்டர் அவரை உள்ளே தள்ளவேண்டியதாயிற்று.

வேண்டுதல் அந்த வருடத்தோடு முடிந்தது. ஆனாலும் ஒவ்வொரு பூசத்துக்கும் அந்தச் சட்டத்தை இறக்கித் துடைத்து யாருக்காவது எடுக்கக் கொடுக்கிறோம். இதுவரை ஒரு முளையும் கழலவில்லை. மற்றச் சீட்டுகளை என் மனைவி தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது கழற்றிவிட்டாள். இரண்டு கோடு போட்ட சீட்டை மட்டும் சாமி அலமாரியில், 'பெதிர்' தொங்கிய ஆணியில் மாட்டியிருக்கிறாள்.